காட்டுல பாடம்: சுங்கை சிப்புட் பெத்தவங்களும் பிள்ளைங்களும் அடிக்கடி கேக்குற கேள்விங்க

மலேசியாவுல, பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் சுத்துவட்டாரத்துல எஸ்டேட்லயும் தாமான்லயும் (குடியிருப்புப் பகுதி) இருக்குற இடைநிலைப்பள்ளி பிள்ளைங்கள சனிக்கிழமை காலைல வெளிய கூட்டிட்டுப் போய் மரம் அளக்குறது, நாத்து வளக்குறது, மேப்பு காம்பஸ் பாத்து நடக்குறது, காட்ட எப்படி பாத்துக்குறாங்கன்னு புரிஞ்சிக்கிறது, இதெல்லாம் சொல்லிக் குடுக்குறோம். கொஞ்சம் டீச்சருங்க, கொஞ்சம் பெத்தவங்க, அவ்ளோதான் நாங்க. வாட்சாப்ல ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருது, அதனால எல்லாத்தயும் ஒரே எடத்துல எழுதிட்டேன்.

இது கேம்பிங்கா?

இல்லங்க. கூடாரம், கேம்ப் ஃபயர் எதுவும் கெடையாது. காலைல பசியாறிட்டு வந்தா மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுல இருப்பாங்க. கைல நோட்டு, பென்சில், டேப்பு இருக்கும். அளந்து எழுதாம யாரும் திரும்ப மாட்டாங்க.

நாங்க கஷ்டப்பட்டு படிக்க வைக்கிறதே பிள்ளைங்க மரத்தடியில நிக்கக்கூடாதுன்னுதான், நீங்க திரும்பவும் அங்கயே கூட்டிட்டுப் போறீங்களே?

இதத்தான் ரொம்ப பேரு கேக்குறாங்க, கோவமா கூட கேக்குறாங்க, அந்தக் கோவம் நியாயமானதுதான். நம்ம தாத்தா பாட்டி இருட்டுலயே எழுந்து, ஆள் பேரு கூப்புடுற பெரட்டுக்குப் போய், நெத்தியில வெளக்கு கட்டிக்கிட்டு ரப்பர் தோட்டத்துத் தீம்பார்ல மரம் மரமா நடந்து பால் வெட்டுனவங்க. லயத்து வீட்டுல இருந்து பிள்ளைங்கள வெளிய அனுப்பணும்ங்கிறது அவங்க பட்ட பாட்டுக்கு ஒரு அர்த்தம். அத நான் ஒரு நாளும் கொறச்சு பேச மாட்டேன்.

ஆனா நல்லா யோசிச்சுப் பாருங்க, மரத்தோட வேலை செஞ்சது நமக்கு அவமானம் கெடையாது, அதுக்கு ஏத்த கூலியும் மரியாதையும் குடுக்காததுதான் அநியாயம். ஒரு கித்தா மரத்துக்கு (ரப்பர் மரம்) முன்னாடி ரெண்டு பேரு நிக்கிறாங்க, ஒருத்தர் பால் வெட்டுறவங்க, இன்னொருத்தர் டேப்பு வெச்சு அளந்து எழுதுறவரு. பட்டை எவ்ளோ தடிப்பு, எந்த மரம் நோயில கெடக்கு, எது காத்துக்கு சாயும், எதுல பால் வத்திப்போச்சு, இது எல்லாம் வெட்டுறவங்களுக்குத்தான் நல்லா தெரியும், ஆனா எழுதுறவருக்குத்தான் சம்பளம் ஜாஸ்தி, முடிவும் அவருதான் எடுப்பாரு. நம்ம பிள்ளைங்க கைக்கு அந்த டேப்பும் பென்சிலும் வரணும். பாட்டிக்குத் தெரிஞ்சதும் பேப்பர்ல எழுதுறதும் ஒரே ஆள்கிட்ட சேரணும், அதுக்குத்தான் கூட்டிட்டுப் போறோம்.

ஒரு தடவ பழைய கித்தா தோட்டத்துல அளந்துகிட்டு இருக்கும்போது, பேத்திய விட வந்த ஒரு பாட்டி பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் ஒவ்வொரு மரமா வெட்டுப்பட்டைய தடவி, "இங்க கத்தி ஆழமா போய் மரத்தயே தொட்டுருச்சு, அதான் இப்படி முடிச்சு முடிச்சா இருக்கு, இந்த மரத்த வெட்டுனவன் புது ஆளு"ன்னு சொன்னாங்க. பிள்ளைங்க யாரும் சொல்லாமலே அத எழுத ஆரம்பிச்சாங்க. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல இருக்குற மெல்லிசான தசையில கத்தி பட்டா புதுப்பட்டை ஒழுங்கா வளராதுன்னு புத்தகத்துல இருக்கு, பாட்டி சொன்னதும் அதேதான்.

சரி, என்னென்ன கத்துக்குடுக்குறீங்க?

மொதல்ல மரத்தோட சுத்தளவு. தரையிலேர்ந்து 1.3 மீட்டர் உசரத்துல டேப்ப சுத்தணும், நெறைய நாட்டு வனத்துறையில இந்த உசரம்தான் கணக்கு. சரிவான எடமா இருந்தா மேட்டுப்பக்கம் நின்னு அளக்கணும், பலகை வேர் ஒசந்து போற காட்டு மரமா இருந்தா வேர் முடியிற எடத்துக்கு மேல அளக்கணும். சுத்தளவ 3.14ஆல வகுத்தா விட்டம். 157 சென்டிமீட்டர் சுத்து இருந்தா விட்டம் 50. கித்தா மரத்துலயும் சுத்தளவு 45, 50 சென்டிமீட்டர் வந்த பிறகுதான் பால் வெட்ட ஆரம்பிப்பாங்க, அதனால இந்தக் கணக்கு நம்ம வீட்டுப் பெரியவங்களுக்குப் புதுசே கெடையாது.

அடுத்தது உசரம். மரத்து மேல ஏற வேண்டியதில்ல. ஒரு கோணமானி, அதோட நேர் ஓரத்துல ஒட்டுன ஸ்ட்ரா, நடுவுலேர்ந்து தொங்குற நூலு, நூல் முனையில மீன் தூண்டில் ஈயக்குண்டு, கோணம் அளக்குற கிளைனோமீட்டர் ரெடி. மரத்துலேர்ந்து 20 மீட்டர் தள்ளி நின்னு ஸ்ட்ரா வழியா உச்சியப் பாக்கணும், நூல் எந்த டிகிரியில நிக்குதுன்னு பக்கத்துல இருக்குற ஆள் படிக்கணும். நூல் 55ல நின்னா 90லேர்ந்து கழிச்சு 35 டிகிரிதான் உண்மையான கோணம், டான் 35 சுமாரா 0.70, அத 20ஆல பெருக்குனா 14, அதோட அளக்குற ஆளோட கண்ணு உசரம் 1.5 மீட்டர் சேத்தா 15.5 மீட்டர். நெறைய பேரு கழிக்க மறந்துட்டு 55க்கே டான் போட்டுடுவாங்க, 30 மீட்டர் வரும். அப்ப நாங்க தப்புன்னு சொல்ல மாட்டோம், நிமிந்து மரத்தப் பாருன்னு மட்டும் சொல்லுவோம். தோட்டத்து கித்தா மரம் 25 மீட்டர் தாண்டுறதே அபூர்வம், அது எஸ்டேட்ல வளந்த பிள்ளைக்கு கண்ணாலயே தெரியும், தானே திரும்ப கணக்குப் போடும். விடைய மரத்த வெச்சே சரிபாக்குற இந்தப் பழக்கம் வகுப்புல உக்காந்து வராதுங்க.

அப்புறம் பிளாட் போடுறது. 20க்கு 20 மீட்டர் சதுரம், மூலை நேரா வர்றதுக்கு கயித்துல 3, 4, 5 மீட்டர் முக்கோணம் புடிக்கணும், வீடு கட்டுற கொத்தனாருங்க செய்றதுதான். சதுரத்துல 400 சதுர மீட்டர், ஒரு ஹெக்டர்ல 25ல ஒரு பங்கு. உள்ள 16 மரம் இருந்தா ஹெக்டருக்கு 400 மரம். இதே வேலைய காட்டுல செய்யும்போதுதான் வித்தியாசம் தெரியும், தோட்டத்துல ஒரே மரம் வரிசையா நிக்கும், காட்டுல அதே சதுரத்துல பக்கத்து பக்கத்து மரம் கூட வேற வேற சாதியா இருக்கும்.

காம்பஸ்ல திசை புடிக்கிறது, தன்னோட காலடி எத்தன போட்டா 50 மீட்டர்னு தெரிஞ்சிக்கிறது, பட்டை, கீழ விழுந்த எலை, காய், பிசினு பாத்து மரத்த அடையாளம் சொல்றது, நாத்துப்பண்ணை வேலை, இதெல்லாமும் இருக்கு. மரத்த வெட்டிப் பாத்து அடையாளம் சொல்றத நாங்க சொல்லிக் குடுக்குறதில்ல, கீழ விழுந்ததே போதும்.

கித்தா தோட்டமும் செம்பனையும் காடா?

காடு கெடையாது, தோட்டம்தான். ஆனா அளக்கப் பழகுறதுக்கு கித்தா தோட்டம் மாதிரி நல்ல எடம் கெடைக்காது, தரை சுத்தமா இருக்கும், மரம் ஒரே வயசு, தப்பு வந்தா ஒடனே தெரியும். இன்னொரு விஷயம், பால் வத்துன மரத்த 25, 30 வருஷத்துல வெட்டி எடுத்து அந்தப் பலகையிலதான் நம்ம நாட்டுல மேசை நாற்காலி ஏகப்பட்டது செய்றாங்க, முன்னாடி வெறும் வெறகாத்தான் எரிச்சாங்க. அதனால கித்தா மரமும் வனத்தொழில் பாடத்துல வர்றதுதான்.

பக்கத்துல கோலகங்சார்ல 1877ல நட்ட கித்தா மரம் ஒண்ணு இன்னும் நிக்குது, இந்த நாட்டுக்கு மொதல்ல வந்த நாத்துங்கள்ல மிஞ்சுனது. பிள்ளைங்கள அங்க கூட்டிட்டுப் போவோம். நம்ம ஆளுங்க இத்தன லட்சம் பேரு கடல் தாண்டி வந்த கதையில அந்த மரத்துக்கு பெரிய பங்கு இருக்கு, அத தொட்டுப் பாக்காம படிவம் 5 முடிக்கக்கூடாதுன்னு நெனைக்கிறேன்.

படிவம் 5 முடிவுல வர்ற எஸ்பிஎம் பரீட்சைக்கு இதுனால என்ன பிரயோஜனம்?

திரிகோணமிதி விகிதம் படிவம் 3 கணக்குலயே இருக்கு, வட்டம் படிவம் 2ல. அறிவியல், புவியியல் ரெண்டுலயும் காடு, மண்ணு, ஆறு வருது. பல்கலைக்கழகத்துக்கு யுபியுங்கிற அரசாங்க மனு முறை வழியா மனு போடும்போது 90 விழுக்காடு படிப்பு, 10 விழுக்காடு புறப்பாடம், அது உங்களுக்கே தெரியும். ஆனா இத பள்ளிக்கூடத்து கழகம் வழியா பதிஞ்சாதான் மார்க்குல வரும், அதனால டீச்சர்கிட்ட முன்கூட்டியே பேசிடுங்க. படிவம் 5 பிள்ளைங்க டிரையல் பரீட்சை நெருங்குனா நிறுத்திக்கலாம், யாரும் வற்புறுத்த மாட்டோம்.

காட்டுக்குள்ள போறதுக்கு பர்மிட் வேணுமா?

கட்டாயம் வேணும். நிரந்தர வனக்காப்பகத்துக்குள்ள போறதுன்னா 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி மாநில வனத்துறை பர்மிட் வாங்கணும், எல்லாருக்கும் தெரிஞ்ச ஆத்தங்கரையா இருந்தாலும் கேட்டுட்டுத்தான் போவோம். எஸ்டேட்டுக்குள்ள போக மேனேஜ்மெண்ட் கடிதம், பள்ளி பேர்ல போனா கல்வி இலாகா அனுமதி, பெத்தவங்க கையெழுத்து. இது எல்லாம் கைக்கு வராம நாள் குறிக்க மாட்டோம். வனத்துறை ஆபீஸ்ல முன்னாடியே போய் பேசுனா சில சமயம் ரேஞ்சரே கூட வருவாரு, யூனிஃபார்ம்ல ஒருத்தர் வந்து மரத்தப் பத்தி பேசுனா பிள்ளைங்க கேக்குற கேள்வியே வேற மாதிரி இருக்கும்.

ஆபத்து இல்லையா? பாம்பு, யானை?

எல்லாரும் பாம்பத்தான் கேக்குறாங்க, ஆனா நான் அதவிட பயப்படுறது தண்ணிக்கும் எடிக்கும் காஞ்ச கெளைக்கும்.

ஆத்துல தலைத்தண்ணி, மலாய்ல கெப்பாலா ஆயேர்னு சொல்றது, நீங்க நிக்கிற எடத்துல வெயில் அடிச்சாலும் மேல மலையில பேஞ்ச மழை திடீர்னு சுவர் மாதிரி எறங்கி வரும். தண்ணி கலங்குனா, எலையும் குச்சியும் மெதந்து வந்தா, எரைச்சல் மாறுனா, பையக்கூட எடுக்காம கரையேறணும். இத மொத நாளே சொல்லிக் குடுத்துடுவோம், ஆத்துக்குள்ள எறங்குற வேலையே வெக்கிறதும் இல்ல. எடி மழை நம்ம பக்கம் மத்தியானத்துக்கு மேலதான் ஜாஸ்தி, அதனால 12 மணிக்குள்ள வெளிய வந்துடுவோம். காத்து அடிக்கும்போது மரத்தடியில நிக்கக்கூடாது, நிமிந்து பாத்து மேல காஞ்ச கெளை தொங்குதான்னு பாத்துட்டுத்தான் பிளாட் போடுவோம்.

பாம்புக்கு, கை வெக்கிற எடத்தையும் கால் வெக்கிற எடத்தையும் பாத்து வெச்சா போதும், வழியில கண்டா நின்னு அதுக்கு வழி விட்டுடணும். யானை லத்தி புதுசா கெடந்தா அன்னைக்கு அதோட திரும்பிடுவோம். குளவிக்கூடு பாத்தா சத்தம் போடாம வந்த வழியே பின்வாங்கணும், சென்ட்டு போட்டுட்டு வராதீங்கன்னு சொல்றது இதுக்காகத்தான். ரெங்காஸ்னு ஒரு மரம் இருக்கு, அதோட பிசினு கருப்பா காயும், தோல்ல பட்டா கொப்பளம் வந்துடும், மழையில அதுக்கடியில ஒதுங்குனா கூட சில பேருக்கு அரிக்கும். அடையாளம் தெரியாத மரத்துப் பிசின தொடாதேங்கிறது ஒரு சட்டம்.

எலி மூத்திரக் காய்ச்சல் இன்னொண்ணு. தேங்குன தண்ணியில, சேத்துல புண்ணு படக்கூடாது, காயம் இருந்தா பிளாஸ்டர் போட்டுட்டு வரணும். போய்ட்டு வந்து ரெண்டு மூணு வாரத்துக்குள்ள காய்ச்சல் அடிச்சா காட்டுக்குப் போனத டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க, தயவுசெஞ்சு பனடோல் போட்டு வீட்டுலயே வெச்சிக்காதீங்க.

அட்டை கடிக்குமே?

கடிக்கும். நீளமான காலுறைக்குள்ள சிலுவார (கால்சட்டை) விட்டுக்கிட்டா பாதி கொறையும். கடிச்சா நெருப்பு வெக்க வேணாம், பிச்சு இழுக்க வேணாம், நகத்த அதோட வாய்ப்பக்கம் வெச்சு சறுக்கி எடுத்தா விட்டுடும், அப்புறம் சோப்புத் தண்ணியில கழுவணும். ரத்தம் கொஞ்ச நேரம் நிக்காது, ரத்தம் உறையாம இருக்குறதுக்கு அதோட எச்சில்ல ஒரு பொருள் இருக்கு, பயப்பட ஒண்ணுமில்ல.

பொம்பளப் பிள்ளைய அனுப்பலாமா?

அனுப்புங்க. எப்பவும் பொம்பள டீச்சரோ ஒரு அம்மாவோ கூட வருவாங்க. மாதவிடாய் நாளா இருந்தா வர்றதும் வராததும் பிள்ளையோட இஷ்டம், காரணம் யாரும் கேக்க மாட்டோம். போற வழியில கழிவறை இருக்குற எடமா பாத்து நிறுத்துவோம், பையில ஸ்பேர் பேட் எப்பவும் இருக்கும். பெத்தவங்க இத நேரா கேக்க கூச்சப்படுறாங்க, அதனாலதான் இங்க எழுதிட்டேன். கித்தா தோட்டத்துல பாதி வேலைய பொம்பளைங்கதான் தூக்கி சுமந்தாங்க, பேத்திங்க காட்ட அளக்குறதுல தடை என்னத்துக்கு?

பாரங் கத்தி குடுப்பீங்களா? செயின்சா?

ரெண்டும் கெடையாது. பாரங் பெரியவங்க கைல மட்டும். பிள்ளைங்களுக்கு சின்ன கைவாளு, கவாத்து கத்திரி, மண்வெட்டி போதும், அதுக்கும் கையுறை போட்ட பிறகுதான்.

மரம் நடுவீங்களா? எங்க பையன் பள்ளியில ஏற்கெனவே நட்டுட்டான்.

நட்டது இப்ப உயிரோட இருக்கான்னு போய் பாத்தீங்களா? இத கேக்காம இருக்க முடியல. அரசாங்கம் 2021லேர்ந்து 2025 வரைக்கும் பத்து கோடி மரம் நடுற இயக்கம் நடத்துச்சு, நல்ல விஷயம், நெறைய பள்ளிக்கூடம் சேந்துச்சு. ஆனா படம் புடிக்கிற நாளோட வேலை முடியிற எடத்துல கன்னு பிழைக்காது. நான் போன ஒரு எடத்துல காஞ்சுபோன கன்ன புடுங்கிப் பாத்தா வேர சுத்தி போலிபேக் அப்படியே இருந்துச்சு, கிழிக்காமலே நட்டுட்டாங்க. வேருக்குப் போக வழியே இல்ல. ரொம்ப வருத்தமா இருந்துச்சு.

நாங்க வெதையிலேர்ந்து ஆரம்பிக்கிறோம். மெராந்தி, கெருயிங் மாதிரி காட்டு மரங்க வருஷா வருஷம் காய்க்காது, சில வருஷத்துல ஒரேடியா காய்ச்சு கொட்டும், றெக்கை வெச்ச காய் சுத்திக்கிட்டே எறங்கும். அந்த வெதைய நெல்லு மாதிரி காயவெச்சு எடுத்து வெக்க முடியாது, காஞ்சா செத்துடும், கொஞ்ச நாளுக்குள்ள மண்ணுல போட்டாகணும். காய்க்காத வருஷத்துல அனுமதி வாங்கி தாய் மரத்தடியில மொளச்சிருக்குற சின்ன நாத்த வேரோட எடுப்போம், அதோட தாய் மரத்தடி மண்ணும் ஒரு கை சேத்து பையில போடணும், ஏன்னா அந்த மண்ணுல இருக்குற ஒரு பூஞ்சை வேரோட சேந்துதான் இந்த மரங்களுக்கு சத்து எடுத்துக் குடுக்குது. மொதல்ல நல்ல நெழல், அப்புறம் மெல்ல மெல்ல வெயிலு, மழை புடிக்கிற மாசத்துல நடவு. நட்ட பிறகு ரெண்டு மூணு வருஷம் சுத்தி லாலாங் புல்லும் கொடியும் எடுத்துக்கிட்டே இருக்கணும். படிவம் 1ல நட்ட பிள்ளை படிவம் 4 வரைக்கும் அதே கன்ன அளந்து எழுதணும்னு வெச்சிருக்கோம், செத்துப்போனா செத்ததையும் காரணத்தோட எழுதணும்.

மெர்பாவ் நாத்தும் வளக்குறோம், 2019ல நாட்டோட தேசிய மரம்னு அறிவிச்சாங்களே அதுதான்.

ஓராங் அஸ்லி (பூர்வகுடி) ஆளுங்க கூட வர்றாங்களா?

லாசா பக்கம் உள்ள போனா தெமியார் கிராமங்க இருக்கு, அங்கேர்ந்து வழிகாட்டிங்க வருவாங்க. அவங்களுக்கு டீச்சருக்குக் குடுக்குற மரியாதையும் ஒழுங்கான கூலியும் குடுக்குறோம், அதுல பேரம் பேசுறதே இல்ல. பிள்ளைங்க அவங்க வீட்டப் படம் புடிக்கிறதுன்னா கேட்டுட்டுத்தான். காட்டுல அடிச்சுக் கெளம்புற வாசனை, பறவை சத்தம், மிருகம் போன தடம், இத படிக்கிறதுல அவங்ககிட்ட நாங்களும் மாணவருங்கதான். ஒரு வழிகாட்டி அண்ணன் மரத்துலேர்ந்து கசிஞ்சு கெட்டியான டாமார் பிசின கொஞ்சம் எரிச்சுக் காட்டுனாரு, ஒரு பொண்ணு ஒடனே "கோயில் வாசனை"ன்னு சொல்லுச்சு. குங்கிலியம் எடுக்குற மரமும் இந்த மெராந்தி குடும்பத்துல சேந்ததுதான், அந்தப் பிள்ளை மூக்காலயே கண்டுபுடிச்சிருச்சு!

கெப்போங்குக்கு கூட்டிட்டுப் போவீங்களா?

வருஷத்துக்கு ஒரு தடவ பாக்குறோம், பஸ் செலவு சேந்தா. கெப்போங்ல இருக்குற மலேசிய வன ஆராய்ச்சிக் கழகம், ஃப்ரிம்னு சொல்றது, 1929ல ஆரம்பிச்சப்போ அந்த எடம் ஈயம் தோண்டி எடுத்த வெறும் நெலமும் காய்கறித் தோட்டமுமாத்தான் இருந்துச்சு. எல்லாம் கையால நட்டு உண்டாக்குன காடு, 2025ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய எடமா சேத்துட்டாங்க. அங்க கபூர் மரத்துக்கு அடியில நின்னு நிமிந்து பாத்தா ஒரு மரத்து உச்சி இன்னொரு மரத்து உச்சிய தொடாம நடுவுல இடைவெளி விட்டு நிக்கும், ஆறு ஓடுன மாதிரி வானம் தெரியும். நம்ம ஊர்ல ஈயம் எடுத்துட்டு விட்ட நெலத்த பாத்து வளந்த பிள்ளைங்களுக்கு, கெட்டுப்போன மண்ணுலயும் காடு வரும்னு நேர்ல காட்டுறதுக்கு இதவிட நல்ல எடம் எனக்குத் தெரியல.

படிச்சு என்ன வேலைக்குப் போகலாம்?

வனத்துறையில ரேஞ்சர், வன அதிகாரி, பெர்ஹிலித்தான்ல வனவிலங்கு வேலை, ஃப்ரிம்ல ஆராய்ச்சி, பலகைத் தரம் பாக்குறது, காட்ட சரியா நிர்வகிக்குறாங்களான்னு ஆடிட் பண்ற சான்றிதழ் வேலை, ட்ரோன் மேப்பிங். யுபிஎம் பல்கலைக்கழகத்துல வனவியல் படிப்பு இருக்கு, சபாவுல யுஎம்எஸ் பல்கலைக்கழகத்துல வெப்பமண்டல வனவியல் இருக்கு. இந்தத் துறையில நம்ம பிள்ளைங்கள ரொம்ப கம்மியாத்தான் பாக்குறேன், டாக்டர், வக்கீல், என்ஜினியர தாண்டி வீட்டுல பேச்சே வர்றதில்ல. எல்லாரும் இதுக்கு வரணும்னு சொல்லல, ஆசை இருக்குற பிள்ளைக்கு இப்படி ஒரு கதவு இருக்குன்னு தெரியாமப் போகக்கூடாது.

செலவு? என்ன எடுத்துட்டு வரணும்?

பீஸ் கெடையாது, வண்டிக்கு எண்ணெய் காசு பங்கு போட்டுக்குவோம், முடியாதவங்க சொன்னா போதும். முழுக்கை சட்டை, நீள சிலுவார், கித்தா சப்பாத்து, வெட்டுக்காரங்க போடுற கருப்பு சப்பாத்தே பிரமாதமா இருக்கும், புதுசா வாங்காதீங்க. தண்ணி ரெண்டு போத்தல், மழைச்சட்டை, ஆஸ்துமா இருந்தா இன்ஹேலர். புகைமூட்டம் இருக்குற நாள்ல ரத்து பண்ணிடுவோம்.

வேற எஸ்டேட் டவுன்ல இத ஆரம்பிக்கணும்னா?

காட்டுலேர்ந்து ஆரம்பிக்காதீங்க. பள்ளித் திடல்ல இருக்குற ஒரு அங்சானா மரம், ஒரு டேப்பு, ஒரு கோணமானி போதும். அதே மரத்த நாலு குழு தனித்தனியா அளக்கட்டும், நாலு விடையும் வெள்ளப்பலகையில எழுதி ஏன் வித்தியாசம் வந்துச்சுன்னு பிள்ளைங்களே பேசட்டும். அது சரியா வந்த பிறகு கித்தா தோட்டம், அப்புறம் பர்மிட்டு, அப்புறம்தான் காடு. பால் வெட்டி ரிட்டையர் ஆன ஒரு தாத்தாவோ பாட்டியோ உங்க ஊர்லயும் இருப்பாங்க, மொத நாளே அவங்கள நாற்காலி போட்டு உக்கார வெச்சு கேளுங்க, சொல்றத பிள்ளைங்க எழுதட்டும். டேப்பு வாங்கும்போது இரும்பு டேப்பு வேணாம், மழையில துரு புடிச்சிரும், ஃபைபர் டேப்பு 30 மீட்டர் வாங்குங்க.